செஞ்சி வானில் தெரியும் ஆண்ட்ரோமெடா... ஆனால் தரைக்கு வராத அந்த வெளிச்சம்! கேலக்ஸி மோதலைக் காட்டிக்கொடுக்கும் புற ஊதாக் கதிர்

நவம்பர் மாதம், இரவு 9 மணி. செஞ்சிக்கு வெளியே தெருவிளக்கு இல்லாத வயல் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்கு வடக்கே மங்கலாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு! (ராஜகிரி உச்சியில் ஏறிப் பார்க்கலாமே என்றால் முடியாது. கோட்டையை மாலையிலேயே பூட்டிவிடுவார்கள்.)

ஆனால் மலை உச்சியில் ஏறினாலும் தெரியாத ஒரு வெளிச்சம் அதில் இருக்கிறது. புற ஊதாக் கதிர். அதில் பெரும்பகுதியை ஓசோன் படலமும் காற்றும் மேலேயே தடுத்துவிடும்.

அதுல அப்படி என்ன இருக்கு?

புற ஊதாவில் அதிகம் ஒளிர்பவை சூரியனை விடப் பல மடங்கு எடையுள்ள, மிகச் சூடான நட்சத்திரங்கள். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. இவற்றுக்கோ சில கோடி ஆண்டுகள்தான். அப்படின்னா, ஓரிடம் புற ஊதாவில் பளிச்சென்று இருந்தால் அங்கே 'சமீபத்தில்' நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன என்று அர்த்தம்.

செஞ்சிக் கோட்டையில் பழைய சுவரோடு பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கட்டியதைப் பிரித்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். சாதாரண ஒளியில் பழைய நட்சத்திரங்களும் புதியவையும் கலந்தே தெரியும். புற ஊதாவில் புதியவை தனித்து நிற்கும்.

மோதினால் என்ன ஆகும்?

இரண்டு கேலக்ஸிகள் மோதும்போது நட்சத்திரங்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்வது அபூர்வம். இடையில் இருக்கும் வாயுதான் நெருக்கப்படுகிறது. அதிலிருந்து புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

இதற்கு நல்ல உதாரணம், கும்ப ராசிப் பகுதியில் உள்ள என்ஜிசி 7252. இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றானது இது. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள யுவிஐடி தொலைநோக்கி இதைப் படம் பிடித்தது. மையத்தைச் சுற்றி ஒரு நீல வளையம் இருப்பதும், அதன் நட்சத்திரங்களுக்கு 30 கோடி ஆண்டுக்கு மேல் வயதில்லை என்பதும் 2018ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. வளையத்துக்குள் இருக்கும் சில திட்டுகள் இன்னும் இளசு, 15 கோடி ஆண்டுக்குள். ஆனால் நட்ட நடுவில் புதிய பிறப்பு இல்லை! அங்குள்ள ராட்சதக் கருந்துளையின் செயல்பாடு அதைத் தடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

புற ஊதாவை மட்டும் நம்பிவிடவும் முடியாது. தூசு அதை விழுங்கிவிடும். வயதான சில நட்சத்திரங்களும் புற ஊதாவில் ஒளிரும். அதனால் மற்ற ஒளிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

இப்போது என்ன பிரச்சினை?

யுவிஐடியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியது, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்டது. திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டு. 2025ல் 10 ஆண்டைத் தொட்டுவிட்டது. யுவிஐடியின் அண்மைப் புற ஊதாப் பிரிவு 2018லேயே நின்றுபோனது. நாசாவின் கேலெக்ஸ் 2013ல் ஓய்வு பெற்றது. 1990ல் போன ஹப்பிளுக்கும் வயதாகிவிட்டது.

அடுத்து 'இன்சிஸ்ட்' என்ற 1 மீட்டர் விண்வெளித் தொலைநோக்கியை அதே நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது.