துணி அஞ்சலட்டைக்கு என்ன விலை?

துணியில் அஞ்சலட்டை செய்ய முடியுமா? முடியும். பின்பக்கம் முகவரி எழுத ஒரு கெட்டி அட்டை, நடுவில் சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸ், மேலே தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணி. நூலால் ஒரு பூவோ பெயரோ தைத்து, ஓரத்தில் ஜிக்ஜாக் அடித்தால் அட்டை தயார்.

சாத்தூரில் இதைத் தொழிலாகச் செய்யலாமே என்றால் உடனே ஒரு கேள்வி வரும்: "சிவகாசியில் அச்சடித்த வாழ்த்து அட்டை இதைவிட மலிவாச்சே, இதை யார் வாங்குவார்?"

கேள்வியே தவறு. அச்சு இயந்திரத்தோடு கை போட்டி போட்டால் குறைவது கூலிதான். நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. தீப்பெட்டி ஒட்டிய வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, நேரத்துக்கு இல்லை.

வெட்டுத்துணி சும்மா கிடைக்கலாம். தைப்பவரின் நேரம் சும்மா கிடைப்பதில்லை. ஒரு அட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். அடக்கவிலையில் பெரிய பங்கு அந்த ஒரு மணி நேரக் கூலிதான். அதை எழுதாமல் விட்டுக் காட்டும் லாபம், லாபமே அல்ல. தைத்தவருக்குக் கொடுக்காத கூலி!

துணி என்றாலே மலிவாக இருக்கவேண்டுமா என்ன? 2011-ல் இந்திய அஞ்சல் துறை கதர்த் துணியிலேயே காந்தி தபால்தலை வெளியிட்டது. முகவிலை 100 ரூபாய். துணி என்பதுதான் அதன் பெருமையே.

நண்பருக்கும் உறவுக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்பவா? கணக்கே வேண்டாம், தாராளமாகத் தையுங்கள். விற்கவா? முதலில் கூலியை எழுதுங்கள், பிறகு விலையைச் சொல்லுங்கள். கட்டுபடியாகாத ஆர்டர் வந்தால், வேண்டாம் என்று சொல்லவும் பழகுங்கள்.