கொழிஞ்சியைக் கைவிடலாமா?

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் பகுதியில், தண்ணீர் உரிய காலத்தில் வந்து சேராத ஆண்டுகளில் குறுவை தவறிப்போவதும், சம்பா நடவு வரையில் நிலம் வெறுமனே கிடப்பதும் குடியானவர்கள் அறிந்ததே. அம்மாதங்களில் நிலத்திற்கு உரம் சேர்க்க வல்ல செடியொன்று மேட்டுப் பாங்கான இடங்களில் ஊதாப் பூவுடன் நிற்கிறது. அதுவே கொழிஞ்சி. கொள்ளுக்காய் வேளை என்றும் அதை வழங்குவர். அதைக் களையென்று ஒதுக்குவது நியாயமாகாது.

அவரை இனத்தைச் சேர்ந்த இச்செடி, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்திற்குச் சேர்க்கிறது. வறட்சியையும் தாங்குகிறது. கால்நடைகள் இதை விரும்பி மேய்வதில்லை. ஆகவே, அறுவடைக்குப்பின் மாடுகளை அவிழ்த்துவிடும் கிராமங்களிலும் காவலின்றி நிலைக்கும். மடக்கி உழுவதற்கு முன் காய்கள் முற்றி உதிர விட்டால், அவ்விதை அடுத்த நெல் அறுவடை வரையில் மண்ணில் கெடாதிருந்து தானே முளைக்கும். விதைச் செலவு முதல் ஆண்டோடு பெரும்பாலும் தீரும்.

உளுந்தும் பயறும் பணம் தருகையில் கொழிஞ்சி எதற்கு என்பது பலருடைய ஆட்சேபம். அது தள்ளத்தக்கதன்று. பயறு நன்றாய் விளையும் வயலில் பயறே இருக்கட்டும். ஆனால் பயறு சரிவர விளையாத இலேசான மண்ணுள்ள ஒருபோக நிலங்களைத் தரிசாய் விட்டுவிட்டு, பின்பு உரமூட்டைக்குக் கடன் வாங்குவது எவ்விதச் சிக்கனம்?

ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ விதை போதும். விதையின் தோல் கடினமானது. மணலுடன் கலந்து உரலில் மெல்ல இடித்துத் தோலைச் சிராய்த்த பின்னரே, அறுவடை ஈரம் காயுமுன் விதைக்கவேண்டும். ஏக்கருக்குச் சராசரி 1¼ முதல் 1½ டன் வரை தழை கிடைக்கும்.

இது மெதுவாய் வளரும் செடி. ஆறேழு வாரத்தில் உழ வேண்டியவர்களுக்கு உதவாது. அவர்களுக்கும், 2004 டிசம்பர் 26-ல் கடல்நீர் புகுந்த கரையோர வயல்களைப் போன்ற உவர் நிலங்களுக்கும் தக்கைப்பூண்டே ஏற்றது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊருக்கு ஒரு மேட்டு நிலத்துண்டைக் கொழிஞ்சி விதைக்கென ஒதுக்கச் செய்து, அவ்விதையைச் சிறு குடியானவர்களுக்கும் பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்யலாம். தண்ணீர் வரும் நாள் கடைமடைக்காரர் கையில் இல்லை. அது வரும்வரை நிலத்தை வீணாக்காதிருப்பது அவர் கையில்தான் இருக்கிறது.