பெட்டிக்குள் கிடக்கும் கரை

நெய்வேலிக்கு அணித்தேயுள்ள முத்தாண்டிக்குப்பம் முந்திரிக் காடுகள் சூழ்ந்த பகுதி. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்டிரின் விரல்களில் ஓட்டின் எண்ணெய் பட்டுக் கருமை ஏறிப்போகும். தோலைப் புண்ணாக்கவும் வல்லது அவ்வெண்ணெய். அக்கூலியில் படிக்க வரும் மாணவியர்க்குப் பெருநாளோ பொங்கலோ கல்லூரி விழாவோ நெருங்கினால் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உடன் வரும்: உடுத்த என்ன இருக்கிறது? 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் இவ்வட்டாரத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்த பின்னர் அக்கவலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கடன்பட்டுப் புத்தாடை எடுப்பதே பலரும் கண்ட வழி. வேறொரு வழி வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் கருத்து.

பாட்டியின் பட்டுப்புடவையைத்தான் சொல்கிறேன். உடற்பகுதி மடிப்புகளில் நைந்து கிழிந்திருக்கும். கரை மட்டும் உறுதியாக நிற்கும். பழைய பட்டு வாங்குவோர் தெருவில் கூவி வருவர். அவர்கள் விலை பேசுவது புடவைக்கன்று, அதிலுள்ள வெள்ளிக்கு. அசல் சரிகை என்பது பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. எரித்தால் வெள்ளி பிரிந்துவிடும். அப்புடவையின் இரு கரைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 மீட்டர். கழுத்து, கைமுனை, அடிவிளிம்பு என ஒரு சுடிதாருக்கு 3 மீட்டர் தாராளம். ஒரு புடவைக் கரையில் மூன்று பெண்களின் வெறுந்துணி விழாத்துணி ஆகிவிடும்!

வெட்டும்போது அரை அங்குலம் உடல்துணியையும் சேர்த்தே வெட்டுதல் வேண்டும். மடித்துத் தைக்க அது உதவும். ஈரப்பஞ்சால் கரையைத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா எனப் பார்த்துக்கொள்வது நன்று. எல்லாவற்றினும் முதன்மையானது, புதிய பருத்தித் துணியை முன்னதாக நனைத்து உலர்த்திவிடுவது. இன்றேல் முதற் சலவையிலேயே பருத்தி சுருங்கும். கரை அவ்வளவு சுருங்காது. விளிம்பு முழுதும் நெளிந்துவிடும். என் தங்கையின் வெள்ளைச் சட்டை இவ்வாறுதான் பாழாயிற்று. தைத்தவன் நானே!

பழம்புடவை இல்லாதோர் கடையில் நெகிழியிழைச் சரிகை லேஸ் வாங்கலாம். விலை குறைவு, சூடான இஸ்திரிப்பெட்டி மட்டும் அதற்கு ஆகாது.

இஃது ஆடம்பரமன்றோ எனப் பெரியோர் சிலர் கேட்கக்கூடும். துணியோரத்தில் வைக்கும் இவ்வழகு வேலை நம் நாட்டில் ஏழைப் பெண்களுக்குச் சோறும் போட்டிருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது விற்ற பணம் பெண்கள் பள்ளிக்கே துணைநின்றது. மேலும், விரும்பி வெள்ளுடை உடுத்துவது எளிமை. வேறின்றி உடுத்துவது வறுமை. இரண்டையும் நாம் ஒன்றாகக் கருதலாகாது.

விழாவுக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். எந்திரம் இல்லாவிடினும் குற்றமில்லை, கையூசியே போதும். மாணவர்களும் வந்து அமரட்டும். நம்மூர்த் தையற்கடைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆடவர்தாமே!