வாசலில் கிடக்கும் சரித்திரம்

வெள்ளிக்கிழமை இரவுகளில் பெங்களூர் மடிவாளாவில், தமிழ்நாட்டுக்குச் செல்லும் பஸ்களுக்காகக் காத்து நிற்கும் கூட்டம் பெரிது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் தூங்கி விழும் குழந்தை. சேலம், மதுரை, திருநெல்வேலி என்று ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்த வண்ணம் இருக்கும். மடிவாளாவிலேயே சோமேஸ்வரர் கோவில் ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் தமிழ் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று 1247-ம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்காலூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோவிலுக்குக் கொடையாக அளித்த செய்தியை அது சொல்கிறது.

வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்காலூர் என்பது பெங்களூர். தமிழில் 'வ' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப' என்று தொடங்கும். தமிழன் 'வேண்டும்' என்பதைக் கன்னடத்தார் 'பேக்கு' என்கிறார்கள். வெல்லம் அங்கே 'பெல்லா', வெண்ணெய் 'பெண்ணே'. கடைக்குப் போய் வரும் எவருக்கும் தெரிந்த இந்தச் சின்ன விஷயம், கிட்டத்தட்ட 780 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லிலும் இருக்கிறது.

மடிவாளாவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் என்று இதே நகரத்தில் உழைத்துச் சம்பாதித்து, பிள்ளைகளையும் படிக்க வைத்தவர்கள் அவர்கள். ஆனாலும் தாங்கள் வாழும் ஊரின் சரித்திரத்தை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லாததால் அவர்களும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பெங்களூர் என்றால் பிழைக்க வந்த இடம். அவ்வளவுதான் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை எங்கே அழைத்துப் போகிறார்கள்? லால்பாக், கப்பன் பூங்கா, விதான சவுதா, பன்னர்கட்டா. இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த ஊர் எப்படி உண்டானது என்று விருந்தாளி கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒரு கதை. பசியோடு வந்த வீரவல்லாளன் என்ற ஹொய்சள மன்னனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாள். அதனால் 'பெந்தகாளூரு' என்று பெயர் வந்தது என்பார்கள். கேட்க இனிமையான கதை. ஆனால் பேகூர் நாகேஸ்வரர் கோவிலில் உள்ள பழங்கன்னட வீரக்கல் ஒன்று, 'பெங்களூர்ச் சண்டை' பற்றிப் பேசுகிறது. அது சுமார் 890-ம் ஆண்டைச் சேர்ந்தது. வீரவல்லாளன் ஆண்டதோ 1173 முதல் 1220 வரை. மன்னன் ஆட்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. கதையைச் சொல்வதில் தவறில்லை. கல் சொல்வதையும் சேர்த்துச் சொன்னால்தான் விருந்தாளிக்கு உண்மை போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட கற்கள் நகரமெங்கும் இருக்கின்றன. ஹெப்பாளில் கிடைத்த கல் சுமார் 750-ம் ஆண்டைச் சேர்ந்தது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், படையெடுத்து வந்தவர்களை எதிர்த்து மாண்ட கித்தய்யா என்ற வீரனுக்காக நடப்பட்டது. பெங்களூரில் கிடைத்துள்ள கன்னடக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்று இது கருதப்படுகிறது. டொம்லூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோவிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சொக்கநாதர் என்றதும் மதுரைக்காரர்கள் சிவபெருமானை நினைப்பார்கள். இங்கே சொக்கநாதராக நிற்பவர் பெருமாள். அந்தக் கல்வெட்டுகளில் டொம்லூருக்குத் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். மல்லேஸ்வரத்துக் காடு மல்லேஸ்வரர் கோவிலில் 1669-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சிவாஜியின் தம்பி ஏகோஜி அந்தக் கோவிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடையளித்ததை அது கூறுகிறது. அதே ஏகோஜிதான் பின்னர் தஞ்சையில் மராட்டியர் ஆட்சியைத் தொடங்கியவர். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் மல்லேஸ்வரத்தில் குடியிருந்தால், அவருடைய ஊரின் சரித்திரத்தில் ஒரு பக்கம் அவர் தெருவிலேயே இருக்கிறது.

பெங்களூரில் தமிழ்க் கல்வெட்டு எப்படி வந்தது என்ற கேள்வி எழும். முதலாம் இராஜராஜன் காலத்தில், 1004-ம் ஆண்டை ஒட்டி, கங்க நாடு சோழர் வசமாயிற்று. 1116-ம் ஆண்டை ஒட்டி ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்தான்; சோழர் ஆட்சி அங்கே முடிந்தது. அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்தில் தமிழ் எழுதப்பட்டது. ஹொய்சளர்களில் வீர இராமநாதன் ஸ்ரீரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்டவன். பின்னர் குந்தாணியைத் தலைநகராகக் கொண்டவன். அவன் ஆட்சி பெங்களூரின் கிழக்குப் பகுதியிலும் இருந்தது. மன்னன் கன்னட நாட்டு ஹொய்சளன். கல்லில் உள்ள மொழி தமிழ். அக்காலத்தில் யாருக்கும் இது விந்தையாகப் படவில்லை. ஏரி வெட்டினார்கள், நிலம் கொடுத்தார்கள், விளக்கு வைத்தார்கள். எந்த மொழி ஊராருக்குப் புரியுமோ அதில் எழுதினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்க் கல்வெட்டைக் கண்டதும் 'இந்த ஊர் எங்களுடையது' என்று மார்தட்டுவது பேதைமை. கன்னடக் கல்லைக் காட்டித் தமிழனை அந்நியன் என்பதும் அதே பேதைமைதான். மொழியின் பெயரால் பெங்களூர் பட்ட பாட்டை 1991-ம் ஆண்டுக் கலவரத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில முதலமைச்சர்களும் இரு விழாக்களிலும் கலந்து கொண்டார்கள். மேடையில் அன்று காட்டிய நல்லுறவைத் தெருவில் நிலைநாட்ட, ஊர்ச் சரித்திரத்தை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வதை விடச் சிறந்த வழி இல்லை. பேகூர்க் கல்லைக் கன்னட நண்பர் படித்துச் சொல்லட்டும். மடிவாளாக் கல்லைத் தமிழர் படித்துச் சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பெங்களூரின் கதை முழுமை பெறும்.

ஆனால் சொல்வதற்குக் கல் இருக்க வேண்டுமே! மைசூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் துறையில் பணிபுரிந்த லூயிஸ் ரைஸ், பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் திரட்டி 1905-ல் நூலாக வெளியிட்டார். வயலும் ஏரியுமாக இருந்த ஊர்களில் அவர் கண்ட கற்களில் கணிசமானவை இன்று இருந்த இடத்தில் இல்லை. வயல் மனையாயிற்று, ஏரி பஸ் நிலையமாயிற்று. கல் அஸ்திவாரத்துக்குள் போயிற்று, அல்லது துணி துவைக்கும் கல்லாயிற்று. கோவில்களில் நேரும் சேதம் வேறு வகை. திருப்பணி என்ற பெயரில் சுவருக்குச் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பெயிண்டும் அடிக்கிறார்கள். மணலை வேகமாக வீசிக் கல்லைச் சுத்தம் செய்கிறார்கள். அழுக்கோடு எழுத்தும் போய்விடுகிறது. பக்தி குறையாமலே சரித்திரம் அழிகிறது.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. ஹெப்பாள் கல் 2018-ல் வெளிப்பட்டபோது, ஊர் மக்களும் ஆர்வலர்களும் சேர்ந்து அதற்கு ஒரு மண்டபம் அமைத்துப் பாதுகாத்தார்கள். 1909-ல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி, 2021 முதல் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணக் கருவிகளால் படம் பிடித்துச் சேமித்து வருகிறது. கண்ணுக்குப் புலப்படாமல் தேய்ந்த எழுத்தைக் கூட அந்தப் படத்தில் படிக்க முடிகிறது. பாராட்டுக்குரிய பணி. ஆயினும் கல் எங்கே கிடக்கிறது என்று முதலில் யாராவது சொன்னால்தான் கருவிக்கும் வேலை.

இந்த இடத்தில்தான் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு வருகிறது. பெங்களூரில் அஸ்திவாரம் தோண்டுவோரிலும், சாலை போடுவோரிலும், கொத்து வேலை செய்வோரிலும் தமிழர்கள் பலர். எழுத்துள்ள கல் முதலில் தென்படுவது பேராசிரியர் கண்ணில் அல்ல. கடப்பாரை பிடித்தவர் கண்ணில். மண்ணுக்குள் இருந்து வரும் பலகைக் கல்லில் எழுத்தோ, வாளேந்திய வீரன் உருவமோ, சூரிய சந்திரர் உருவமோ தெரிந்தால், அதை உடைக்கக் கூடாது. மேஸ்திரியிடமும் நிலத்துக்காரரிடமும் சொல்ல வேண்டும். முடிந்தால் செல்போனில் படம் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கோ, கல்வெட்டு அறிந்தவர்களுக்கோ தெரிவிக்க வேண்டும். கல் கிடைத்தால் நிலம் பறிபோகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சத்தைப் போக்கித் தெளிவான விளக்கம் தர வேண்டியது அதிகாரிகளின் கடமை.

கல்லைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சில செய்திகள். சாக்பீஸ் மாவு, எண்ணெய், குங்குமம் எதையும் எழுத்தின் மேல் பூசக் கூடாது. கம்பித் தூரிகை கொண்டு தேய்க்கக் கூடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் எழுத்து நன்றாகத் தெரியும். அக்காலத் தமிழ் எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. நெட்டெழுத்துக்கும் குற்றெழுத்துக்கும் வேறுபாடு தெரியாத இடங்கள் உண்டு. கிரந்த எழுத்துகளும் கலந்து வரும். முதல் நாளில் இரண்டு எழுத்துதான் பிடிபடும். நாலைந்து முறை போனால் ஊர்ப் பெயர் பிடிபடும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை.

நகர நிர்வாகமும் அறநிலையத் துறையும் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. கல் உள்ள ஒவ்வோர் இடத்திலும் ஒரு பலகை வைக்கலாம். ஆண்டு, மன்னன் பெயர், சொல்லப்படும் செய்தி ஆகிய மூன்றும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், தமிழ்க் கல்லாயின் தமிழிலும் இருக்கட்டும். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னடம் அறிந்த ஒருவரையும் தமிழ்க் கல்வெட்டு அறிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு, குடும்பங்களைக் கோவிலுக்குக் கோவில் கூட்டிச் செல்லலாம். பள்ளி ஆசிரியர்கள் அந்தந்தப் பேட்டையின் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லலாம்.

சரித்திரம் கல்லில் மட்டும் இல்லை. 1809-ல் கண்டோன்மென்ட் ஏற்பட்டபின் படையோடு வந்த தமிழர்கள், 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியபின் வந்தவர்கள், மில்களில் உழைத்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக வந்த கதை உண்டு. இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரக் கச்சேரி 1868-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். இவை புத்தகத்தில் ஏறிவிட்டன. மில்லில் ராட்டை ஓட்டிய பாட்டியின் கதை ஏறவில்லை. எந்த ஆண்டு வந்தார்கள், எந்தப் பேட்டையில் தங்கினார்கள், எந்தக் கன்னடக் குடும்பம் முதலில் இடம் கொடுத்தது என்பதையெல்லாம் பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பிழைக்க வந்த ஊர் என்பதற்கும் வாழும் ஊர் என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஊரின் கதையை விருந்தாளிக்குச் சொல்லத் தெரிந்தவன் அந்த ஊரில் அந்நியன் அல்ல. அடுத்த முறை ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ வரும்போது, லால்பாக் போகும் வழியில் ஒரு மணி நேரம் மடிவாளாவில் இறங்கட்டும். கோவில் சுவரில் உள்ள எழுத்தைக் காட்டி, 'இதுதான் 780 வருஷத்துக்கு முந்திய வெங்காலூர்' என்று பேரப்பிள்ளை சொல்லட்டும். கேட்கும் தாத்தாவுக்கும் பெருமை. கல்லுக்கும் ஒரு காவலன் கிடைத்தான்.