கை வளர்ந்தால் போதுமா?



"எங்கள் பையன் நன்றாகப் படம் போடுவான்" என்று பெருமையாகச் சொல்லாத பெற்றோர் உண்டா? அதே பையன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, "அப்பா, நான் வரைகலை படிக்கப் போகிறேன்" என்று சொல்லட்டும். வீட்டில் ஒரு கணம் மௌனம்! பிறகு வரும் கேள்வி நமக்குத் தெரிந்ததுதான்: "அது சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் படிப்பு நம் பிள்ளையை எப்படிப்பட்ட மனிதனாக வளர்க்கும்?

வரைகலை என்றதும் பூவும் மயிலும் வரைவது என்று நினைத்துவிடுகிறோம். கூலாய் பட்டணத்துக் கடைவீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். கடைப் பலகைகளில் மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று நான்கு வகை எழுத்துகள் கண்ணில் படும். தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது நகராண்மைக் கழகத்தின் விதி. மற்ற மொழிகள் எஞ்சிய இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எது பெரியது, எது சிறியது, எந்த நிறம் தூரத்திலிருந்து தெரியும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மருந்துப் புட்டியின் சீட்டு, பால் டின்னின் உறை, ஆலயத் திருவிழா அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே வரைகலைதான். வாசிப்பவருக்குச் செய்தியைத் தடங்கலில்லாமல் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை.

இந்தப் படிப்பில் சேரும் மாணவனுக்கு முதல் ஆண்டிலேயே ஓர் அடி விழும். கல்லூரியில் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த வேலையைச் சுவரில் குத்தி வைப்பார்கள். ஆசிரியரும் சக மாணவர்களும் சுற்றி நின்று குறை சொல்வார்கள். தமிழ்ப்பள்ளியில் ஓவியப் போட்டி தவறாமல் பரிசு வாங்கிய பிள்ளை அங்கே நின்று கேட்க வேண்டிய கேள்விகள் இவை: "இந்த எழுத்து ஏன் இவ்வளவு சிறியது? இத்தனை நிறம் எதற்கு? இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?" இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வேலை ஐந்து நிமிடத்தில் தவிடுபொடி!

அன்று இரவு அந்தப் பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது குரல் உடைந்திருக்கும். "நான் அப்போதே சொன்னேனே" என்று நாம் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்த வார்த்தையை விழுங்கிக்கொள்ளுங்கள். அன்றுதான் உண்மையான படிப்பு ஆரம்பமாகியிருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? அதுவரை அந்தப் பிள்ளை, "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்ற இடத்திலேயே நின்றிருந்தது. இனி, "தோட்டத்து மருந்தகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் நிற்கும் பாட்டிக்கு இது தெரியுமா?" என்று யோசிக்க வேண்டும். தன் கண்ணால் பார்த்தது போய், அடுத்தவர் கண்ணால் பார்க்கப் பழக வேண்டும். கைத்திறமை ஓராண்டில் வந்துவிடும். இந்தப் பார்வை வர நாளாகும். அது வந்துவிட்டால் படிப்புக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் அந்தப் பிள்ளை உதவும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்திய ரூபாய்க்கு இன்று வழங்கும் குறியீட்டை வடிவமைத்தவர் ஒரு தமிழர். கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார். முதலில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்தார். பின்பு மும்பை ஐ.ஐ.டி.யில் வரைகலை சார்ந்த முதுகலைப் படிப்பு. அங்கே மாணவராக இருந்தபோதே 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். சில காலம் வேலை பார்த்துவிட்டு, தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய மறுபடியும் மாணவராகவே திரும்பி வந்தார். இந்திய அரசு 2009இல் நடத்திய போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயின. 2010 ஜூலை 15ஆம் நாள் உதயகுமாரின் வடிவம் அரசின் ஒப்புதலைப் பெற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

அந்தக் குறியீட்டைக் கவனித்துப் பாருங்கள். தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒன்றில் ஒன்று கலந்து நிற்கின்றன. மேலே இரண்டு கோடுகள். அவ்வளவுதான்! அலங்காரம் ஒன்றுமில்லை. இந்தியனும் வாசிக்கலாம், வெளிநாட்டானும் வாசிக்கலாம். முப்பது வயதைத் தாண்டியும் மாணவனாக இருக்கச் சம்மதித்த ஒருவரின் கையிலிருந்து அந்த எளிமை வந்தது.

நம் மண்ணிலும் ஒருவர் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985இல் கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கியவர். ஆப்பிள் கணினியிலும் கைப்பேசியிலும் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்றோர் எழுத்துரு இருக்கிறது. அந்த 'எம்.என்.' அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான்.

இத்தனை வசதி வந்த பிறகும், பொது அறிவிப்புகளில் தமிழ் உடைந்து கிடப்பதை நாம் பார்க்கிறோம் அல்லவா? 'கெ' என்ற எழுத்தைக் கணினி, ககரம் முதலிலும் கொம்பு பின்னாலுமாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். தமிழுக்கு ஏற்பாடு இல்லாத மென்பொருளில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தப்பு என்றே தெரியாது. மலாயில் 'ஆவாஸ்' என்று சுருக்கமாக முடிவது தமிழில் 'எச்சரிக்கை' என்று நீளும். அதே பெட்டிக்குள் அடைத்தால் எழுத்து எறும்பாகிவிடும். இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க, தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பிள்ளை அந்த மேசையில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு மூன்று யோசனைகள். முதல் ஆண்டில் செய்த வேலைகளைக் கிழித்துப் போடாதீர்கள். தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், ஆசிரியர் அன்று ஏன் முகம் சுளித்தார் என்று உங்களுக்கே விளங்கும். இரண்டாவது, எதைச் செய்தாலும் திரையிலேயே பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தாளில் அச்சிட்டு, வீட்டில் வயதானவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் வேலை மிச்சம் இருக்கிறது. மூன்றாவது, யாராவது குறை சொன்னால் உடனே பதில் சொல்லாதீர்கள். எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் யோசியுங்கள்.

பெற்றோர்களே! வடிவமைப்புப் படிப்புக்குக் கோலாலம்பூர் வரை ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஜொகூரிலேயே, பாசிர் கூடாங்கில் இருக்கும் இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக்கில் வடிவமைப்புத் துறை உண்டு. சேர்வதற்கு முன் பிள்ளையோடு நேரில் போய்ப் பாருங்கள். கட்டணம், கருவிச் செலவு, கணினிச் செலவு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோறு போடுமா என்ற கேள்வியையும் அங்கேயே, படித்து முடித்த மாணவர்களிடமே கேளுங்கள்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழக்கத்துக்கு நாள் வேண்டும். அந்த நாளைப் பிள்ளைக்குக் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.