பூனை வாலுக்கு எத்தனை வேலை?

பூனைக்கு வால் எதற்கு என்று கேட்டால், விழும்போது நாலு காலில் வந்து நிற்பதற்கு என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது சரியல்ல. 1894இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியன் ஜூல் மாரே, பூனையைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே விட்டு, அது விழுவதை அடுத்தடுத்துப் படமெடுத்தார். அந்தரத்தில் அது முன்னுடலையும் பின்னுடலையும் தனித்தனியே முறுக்கித் திரும்புவது படங்களில் தெரிந்தது. 1969இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேன், ஷெர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தத் திருப்பத்துக்குக் கணக்குப் போட்டபோது, பூனையை நடுவில் இணைந்த இரண்டு உருளைகளாக மட்டுமே வைத்துக்கொண்டார்கள். வாலைச் சேர்க்காமலே கணக்கு சரியாக வந்தது. வாலே இல்லாத மேங்க்ஸ் பூனையும் விழும்போது ஒழுங்காகத் திரும்பிக்கொள்கிறது.

வாலுக்கு வேலை இருப்பது விழும்போது அல்ல, விழாமல் நடக்கும்போது. 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பூனைகளை ஒடுக்கமான கட்டைமேல் நடக்கவிட்டு, திடீரென்று கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். பூனை வாலை எதிர்ப்பக்கம் வீசி இடுப்பைக் கட்டைக்கு நேராகக் கொண்டுவந்தது. வாலுக்குப் போகும் நரம்புத் தொடர்பைத் துண்டித்தபின் அதே பூனைகள் அதிகம் தவறி விழுந்தன. (மனதுக்கு ஒப்பாத சோதனைதான்; ஆனாலும் சந்தேகத்துக்கு இடம்வைக்காத விடை.) செங்குத்துப் பாறைகளில் வாழும் பனிச்சிறுத்தைக்கு உடல் நீளத்தை நெருங்கும் வால் இருப்பது இதோடு பொருந்துகிறது. அப்படியானால் பூனைக்குலத்தைச் சேர்ந்த லின்க்ஸ் என்ற விலங்கு குட்டை வாலோடு நன்றாகத்தானே வேட்டையாடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெடுவால் இல்லாமல் பூனைக்குலம் பிழைக்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு லின்க்ஸே சான்று. ஆனால் அதன் உடல் முழுவதும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குட்டை வாலோடு சேர்ந்தே உருவானது. நெடுவாலுக்கென அமைந்த வீட்டுப் பூனையிடமிருந்து அதைப் பறிப்பது வேறு சங்கதி.

நடைக்கு மட்டும்தான் வால் என்றால், சமதரையில் இன்னொரு பூனையை நோக்கி வரும் பூனை வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு வருவானேன்? பூனை உருவத்தைக் கறுப்பாக வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்த ஆய்வில், வால் தூக்கிய உருவத்தைக் கண்ட பூனைகள் தாங்களும் வாலைத் தூக்கிக்கொண்டு அணுகின. நட்போடு வருகிறேன் என்று தூரத்திலேயே சொல்லும் வழி அது. வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனித்து வாழ்வது. அதன் குட்டி தாயிடம் வால் தூக்கும். மனிதர்களை அண்டிக் கூட்டமாக வாழத் தொடங்கிய பூனையிடம் அந்தப் பழக்கம் வளர்ந்த பின்னும் நிலைத்துவிட்டது. பேசுவதற்காகவா இயற்கை வாலைப் படைத்தது என்று சிலர் மறுக்கக்கூடும். இல்லைதான், வால் பூனையினத்தைவிடப் பழையது. கிடைத்த உறுப்பைப் புதுத் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது பூனை.

அதனால்தான், வாலில்லாவிட்டாலும் ஓடுகிறது, தாவுகிறது என்று மேங்க்ஸ் வளர்ப்பவர்கள் சொல்லும் சமாதானம் போதாது. மேலும், மேங்க்ஸின் வாலை இல்லாமலாக்கும் மரபணு மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரு பிழைப்பதில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலே சில குட்டிகளுக்கு முதுகெலும்பு கோணி, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகிறது. மேங்க்ஸின் தாயகமான ஐல் ஆஃப் மேன் தீவு தன் பூனையை நாணயத்தில் பொறித்துப் பெருமைப்படட்டும். அழகுக்காகவும் விற்பனைக்காகவும் அந்தக் குட்டிகளை ஈனவைப்பதை நிறுத்த வேண்டும்.