மறதியை வயதின்மேல் போடலாமா?

மேட்டூர் அணை திறந்து, கல்லணையைக் கடந்து, வாய்க்கால்களில் தண்ணீர் வந்துசேரும் நாள்களில் நம் தஞ்சைப் பகுதிப் பெரியவர்கள் வீட்டில் தங்குவதில்லை. மடையைப் பார்க்கவும் வரப்பை அடைக்கவும் அவர்களுடைய கால்கள் பரபரக்கும். அத்தகைய ஒருவர், குறுவை அறுத்தாகிவிட்டதா என ஒரே காலையில் மூன்று முறை கேட்டால், நாற்பதாண்டுகள் நடந்த வரப்பிலேயே வழி தெரியாமல் நின்றால், நாம் என்ன சொல்கிறோம்? "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இந்த ஒரு சொல்லே பல முதியோருக்கு உரிய வேளையில் கிடைக்க வேண்டிய மருத்துவத்தைத் தடுத்துவிடுகிறது. இம்மாதம் இதுபற்றிச் சிந்திப்போம்.

சாவியை எங்கே வைத்தோம் என மறப்பது எவருக்கும் நேர்வது. சாவி எதற்கு என்பதே விளங்காமற் போவது நோய். மருத்துவர்கள் இதனை 'டிமென்ஷியா' என்பர். நாம் மறதிநோய் எனலாம். இதன் வகைகளுள் பெரும்பான்மையானதை 1906-இல் விளக்கியவர் அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்றின்படி, நம் நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோய் உடையவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி என்பதும் அவ்வாய்வு காட்டிய உண்மை.

மறதி என்று தோன்றுவதெல்லாம் தீராத மறதிநோயும் அன்று. தைராய்டு சுரப்பின் குறை, வைட்டமின் பி-12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு, கீழே விழுந்தபின் மண்டைக்குள் கட்டிய இரத்தம் ஆகியனவும் நினைவைக் குலைக்கும். இவற்றைக் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். "வயது" என்று ஒதுக்கிவிட்டால் குணமாகக்கூடியவரையும் இழந்துவிடுகிறோம். ஆதலின் முதற்கடமை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வீட்டில் நாம் கண்ட மாற்றங்களை மறைக்காமல் கூறுவதே. தேவையெனில் அவர் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024-இல் பதினான்கு காரணங்களை வரிசைப்படுத்தியது. அவற்றை முற்றும் களைந்தால் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. இரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், புகை, மது, தலைக்காயம், காது கேளாமை, பார்வைக் குறை, தனிமை ஆகியன அவற்றுள் சில. வாய்க்கால் தூர்ந்தால் முதலில் வாடுவது கடைமடை வயல் அன்றோ! அவ்வாறே இரத்தக்கொதிப்பால் குழாய்கள் கெட்டால், மூளையின் நுண்ணிய கிளைகள் வழியே இரத்தம் சென்றடைய வேண்டிய இடங்கள் வாடுகின்றன.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை இல்லந்தோறும் கொண்டுவந்தது. மூளையைக் காக்கும் திட்டம் என்று அதற்குப் பெயரிடவில்லை. ஆயினும் அது செய்தது அப்பணியே. மாத்திரை வீடு வந்தும், "தலைச்சுற்றல் இல்லையே" என்று பாதியில் நிறுத்திவிடுவோர் நம்மிடையே எத்தனை பேர்! நடுவயதில் நிறுத்தும் மாத்திரையின் விலையை முதுமையில் நினைவாகச் செலுத்த நேரிடலாம்.

அப்பதினான்கில் கல்விக்குறையும் ஒன்று. இளமையில் கற்ற மூளை முதுமையின் தேய்வை நெடுநாள் தாங்கும். நம் பாட்டிமார் பலர் பள்ளி வாசலை மிதியாமல் நாற்று நடச் சென்றவர்கள். இன்று பேத்தியின் படிப்பைப் பாதியில் நிறுத்துவோர், அவளது எழுபதாம் வயதுக்கும் சேர்த்தே தீங்கு செய்கின்றனர்.

நோய் முற்றிய பின்னர் முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் செய்யத்தக்கவை பல. கேட்ட கேள்வியையே அவர் கேட்கும்போது வாதாடாதீர்கள், கடிந்துகொள்ளாதீர்கள். படுக்கையையும் பொருள்களையும் இடம் மாற்றாதீர்கள். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றால், முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கள். காலையுணவை மறந்தவரும் செபமாலையைத் தடையின்றிச் சொல்வதுண்டு. நெடுங்காலம் பழகியவை கடைசியிலேயே மறையும். அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். விளங்கிக்கொள்ள இயலாதவரிடம் நிலப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது சட்டத்திற்கும் மனச்சான்றுக்கும் முரணானது.

இரவும் பகலும் கவனிக்கும் மருமகளையோ மகளையோ மறத்தலாகாது. கேரளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கமும், சென்னையில் ஸ்கார்ப் நிறுவனமும் இத்தகைய குடும்பங்களுக்குத் துணை நிற்கின்றன. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வாரம் இரண்டு மணி நேரம் அப்பெரியவருடன் அமர்ந்திருந்தால், அவ்வில்லத்துப் பெண் சற்றே கண்ணயர்வாள்.

அறிவு தளர்ந்த தந்தையிடமும் பொறுமை காட்ட வேண்டும் என்பதைச் சீராக்கின் ஞானநூல் தன் மூன்றாம் அதிகாரத்திலேயே பேசுகிறது. நம் வீட்டுப் பெரியவரின் இரத்தக்கொதிப்பை இறுதியாக எப்போது பார்த்தோம்? அவருக்குக் காது கேட்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை தெரியாவிடில், இவ்வாரமே அவரைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வோம்.